இயேசுவைப் பின்பற்றும் நோக்கம்

இயேசுவைப் பின்பற்றும் நோக்கம் என்பது ஒருவர் எக்காரணம் பற்றிக் கிறித்தவ நம்பிக்கையை ஏற்கிறார், எக்காரணம் பற்றி அதில் நிலைத்திருக்கிறார் என்பதை ஆராயும் கிறித்தவ ஆன்மிக, இறையியல் கருத்தாகும். இக்கேள்வி இருவகையாக எழுப்பப்படுகிறது. ஒன்று, நம்பிக்கையாளர் தம் உள்ளத்தைத் தாமே சோதித்துக்கொள்வது. மற்றொன்று, திருச்சபையோ சமூகமோ அரசோ பிறருடைய நோக்கத்தை ஆராய்வது. பொருட்பயன் கருதி மதம் மாறியவராகக் கருதப்படுவோரைக் குறிக்க அரிசிக் கிறித்தவர் என்னும் இகழ்ச்சிச் சொல் ஆசிய நாடுகளில் வழங்கியது. தமிழர் வாழும் பகுதிகளில் இக்கேள்வி யாழ்ப்பாணம், திருநெல்வேலி, நீலகிரி ஆகிய இடங்களின் கிறித்தவ வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது.

விவிலியப் பின்னணி

நோக்கம் பற்றிய கேள்வி பழைய ஏற்பாட்டிலேயே காணப்படுகிறது. யோபு நூலின் தொடக்கத்தில், யோபு பயன் ஏதும் கருதாமலா கடவுளுக்கு அஞ்சி நடக்கிறார் என்று சாத்தான் வினவுகிறான். செல்வம், மக்கள், உடல்நலம் ஆகிய அனைத்தையும் இழந்த பின்னும் யோபின் பற்று நிலைக்குமா என்பதே அந்நூலின் மையச் சிக்கலாகும்.

யோவான் நற்செய்தியின் 6 ஆம் அதிகாரத்தில் இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியும் அதன் தொடர்ச்சியும் கூறப்படுகின்றன. மறுநாள் தம்மைத் தேடிவந்த கூட்டத்தினர் அடையாளத்தின் பொருளை உணர்ந்து வரவில்லை, வயிறு நிறைந்ததாலேயே வந்தனர் என்று இயேசு சுட்டிக்காட்டுகிறார். அதே அதிகாரத்தின் இறுதியில் சீடர் பலர் அவரை விட்டு விலகுகின்றனர். எனினும், உணவு நாடி வந்தவர்களுக்கு முதல் நாள் இயேசு உணவு மறுக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பசி ஆற்றுவதையும் நோக்கத்தை வினவுவதையும் ஒரே அதிகாரம் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறது.

புதிய ஏற்பாட்டில் இக்கருத்தோடு தொடர்புடைய பிற பகுதிகள் வருமாறு:

மத்தேயு 6: பிறர் காணவேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் ஈகை, இறைவேண்டல், நோன்பு ஆகியவற்றை இயேசு கண்டிக்கிறார்.
மாற்கு 10: செபதேயுவின் மக்களாகிய யாக்கோபும் யோவானும் இயேசுவின் ஆட்சியில் அவருக்கு வலமும் இடமும் அமரும் பதவியைக் கேட்கின்றனர். நெருங்கிய சீடரிடத்தும் பதவி நாட்டம் இருந்ததை இது காட்டுகிறது.
லூக்கா 14: கோபுரம் கட்டத் தொடங்குபவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவதுபோல, பின்பற்ற விரும்புவோர் அதற்குரிய விலையை எண்ணிப்பார்க்க வேண்டும் எனப்படுகிறது.
திருத்தூதர் பணிகள் 5: அனனியா, சப்பிரா என்னும் கணவனும் மனைவியும் நிலத்தை விற்ற தொகையில் ஒரு பகுதியை மறைத்து, முழுவதையும் கொடுத்தவர்போல் காட்டிக்கொள்கின்றனர்.
திருத்தூதர் பணிகள் 8: திருமுழுக்குப் பெற்ற மந்திரவாதி சீமோன், தூய ஆவியை அளிக்கும் ஆற்றலைப் பணம் கொடுத்துப் பெற முயல்கிறார்.
பிலிப்பியர் 1: பொறாமையாலும் போட்டியாலும் கிறித்துவை அறிவிப்போர் உள்ளனர் என்று கூறும் பவுல், எவ்வாறாயினும் கிறித்து அறிவிக்கப்படுவதில் மகிழ்ச்சி கொள்கிறார்.

இவற்றுள் கடைசிப் பகுதி ஏனையவற்றிலிருந்து வேறுபட்டது. தூய்மையற்ற நோக்கத்திலிருந்தும் நற்பயன் விளையலாம் என்னும் கருத்துக்கு இது ஆதாரமாக எடுத்தாளப்படுகிறது.

ஆன்மிக மரபுகளில்

12 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிளேர்வோவின் பெர்னார்து, இறையன்பைப் பற்றிய தம் நூலில் அன்பின் நான்கு படிகளை விளக்குகிறார். மனிதன் முதலில் தனக்காகவே தன்னை நேசிக்கிறான். அடுத்து, தன் நன்மைக்காகக் கடவுளை நேசிக்கிறான். மூன்றாவதாகக் கடவுளுக்காகவே கடவுளை நேசிக்கிறான். இறுதியில் கடவுளுக்காகவே தன்னையும் நேசிக்கிறான். இவ்விளக்கத்தின்படி, பயன் கருதிய பற்று ஒரு தொடக்கப் படியாகக் கொள்ளப்படுகிறது. அதிலேயே தங்கிவிடுவதுதான் குறை.

15 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமஸ் அ கெம்பிஸ் எழுதியதாகக் கருதப்படும், தமிழில் கிறிஸ்துநாதர் அநுசாரம் என்னும் பெயரால் அறியப்படும் நூல், இயேசுவின் ஆறுதலை விரும்புவோர் பலர் என்றும் அவருடைய சிலுவையை விரும்புவோர் சிலர் என்றும் வருந்துகிறது. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் 1548 இல் திருத்தந்தையின் ஒப்புதலைப் பெற்றன. நாள்தோறும் தன் எண்ணங்களையும் செயல்களையும் மீள நோக்கும் ஆன்ம சோதனை அப்பயிற்சிகளின் இன்றியமையாப் பகுதியாகும். சீர்திருத்தத் திருச்சபைகளில், திருவிருந்தில் பங்குபெறும் முன் தன்னைத் தானே சோதித்தறியுமாறு பவுல் கொரிந்தியருக்குக் கூறிய அறிவுரை, அதற்கு முன் நடைபெறும் ஆயத்த ஆராதனைகளுக்கு அடிப்படையாயிற்று. 1937 இல் வெளிவந்த சீடத்துவம் பற்றிய நூலில் செருமானிய இறையியலாளர் தீத்ரிக் போன்ஹோஃபர், விலை கொடுக்காமல் பெற விழையும் அருளை மலிவான அருள் என்று கண்டித்தார். நாட்சி ஆட்சியை எதிர்த்தமைக்காக அவர் 1945 இல் தூக்கிலிடப்பட்டார்.

யாழ்ப்பாணம்

ஒல்லாந்தர் 1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்டனர். அவர்களுடைய ஆட்சியில் அரசுப் பதவி பெறுவதற்குச் சீர்திருத்தக் கிறித்தவத்தைத் தழுவியிருப்பது தேவையாயிற்று. திருமுழுக்கு, திருமணம் ஆகியவற்றின் பதிவும் திருச்சபையின் வழியே நடந்தது. இதனால் பெருந்தொகையினர் ஏடுகளில் கிறித்தவராகப் பதிவாயினர். 1796 க்குப் பின் ஆங்கிலேயர் ஆட்சி ஏற்பட்டு இக்கட்டாயம் தளர்ந்தபோது, அவர்களுட் பெரும்பாலோர் வெளிப்படையாகச் சைவத்திற்குத் திரும்பினர். வீட்டில் சைவராகவும் பதிவேட்டில் கிறித்தவராகவும் இருந்தோர் பலர் என்பது இதனால் வெளிப்பட்டது.

அமெரிக்க மிஷன் 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைக் குருமடம் மற்றொரு சான்றாகும். உயர்ந்த ஆங்கிலக் கல்வி அளித்த அந்நிறுவனத்தில் பயின்றோர் பலர் அரசுப் பணிகளுக்குச் சென்றனர். மாணவர் கல்விக்காகவும் தொழிலுக்காகவுமே வருகின்றனர் என்னும் கருத்து மிஷனின் தலைமையிடத்து வலுத்ததை அடுத்து, அது 1855 இல் மூடப்பட்டது. விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் பீற்றர் பேர்சிவலுக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் (1822-1879), பள்ளிக்கும் பதவிக்குமாகச் சமயம் மாறுவதைக் கடுமையாகச் சாடியதோடு, சைவப் பிள்ளைகளுக்கெனப் பாடசாலைகளையும் நிறுவினார்.

நீலகிரி

நீலகிரி மலைகளுக்குச் சென்றதாகப் பதிவுள்ள முதல் ஐரோப்பியருள் ஒருவர் இயேசு சபைக் குருவான ஜாக்கமோ ஃபெனிசியோ ஆவார். மலைமேல் பண்டைக் கிறித்தவரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர் என்ற செய்தியை ஆராய அவர் 1603 இல் மலபார்ப் பகுதியிலிருந்து ஏறிச் சென்றார். அங்குத் தோடரையும் படகரையும் சந்தித்தார். தோடர்ப் பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடிகளையும் நூலையும் அன்பளிப்பாக வழங்கினார். தேடிச் சென்ற கிறித்தவத்தின் சுவடு எதையும் அவர் காணவில்லை.

ஆங்கிலேயர் உதகமண்டலத்தில் குடியேறிய பின், அங்குப் புனித ஸ்தேவான் ஆலயம் 1830 இல் அர்ப்பணிக்கப்பட்டது. அது முதன்மையாக ஐரோப்பியருக்கான ஆலயமாக விளங்கியது. மலைவாழ் மக்களிடையே முறையான சமயப் பணியைத் தொடங்கியது பாசல் மிஷன் ஆகும். ஆங்கிலேய அதிகாரியான ஜார்ஜ் காசமேஜர் கேத்தியில் தங்கிப் படகருக்கெனப் பள்ளி நடத்திவந்தார். அவருடைய ஆதரவால் 1840களின் நடுப்பகுதியில் மிஷன் அங்குக் கால்கொண்டது. 1849 இல் இறந்த காசமேஜர் தம் உடைமையை இப்பணிக்கென விட்டுச்சென்றார். மிஷனைச் சேர்ந்த ஜோஹன் ஃபிரடெரிக் மெட்ஸ் ஊர் ஊராக நடந்து சென்று மக்களின் மொழிகளைக் கற்றார். நீலகிரி மக்களைப் பற்றிய அவருடைய நூல் 1856 இல் வெளிவந்தது.

பள்ளி, பண வசதி, அரசு அதிகாரிகளின் நட்பு ஆகிய அனைத்தும் இருந்தும், படகருள் முதல் திருமுழுக்கு 1858 இல்தான் நடைபெற்றது. பணி தொடங்கி பத்தாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. முதலில் திருமுழுக்குப் பெற்றவர் ஆபிரகாம் என்னும் பெயரை ஏற்றார். அதன் பின்னரும் படகருள் சிறு பகுதியினரே கிறித்தவராயினர். ஏனையோர் மிஷன் பள்ளிகளைப் பயன்படுத்திக்கொண்டு தம் பழைய வழிபாட்டிலேயே நிலைத்தனர்.

இந்நிலைக்குப் படகரின் சமூக அமைப்பு காரணமாகக் கூறப்படுகிறது. படகர் நிலமுடைய உழவர். அட்டி எனப்படும் ஊரில் உறவினர் சூழ வாழ்பவர். ஊர்க்கூட்டத்தின் கட்டுப்பாடு, எத்தையம்மன் வழிபாடு, ஈமச் சடங்கு, மணவுறவு ஆகியன ஒன்றோடொன்று பிணைந்தவை. மதம் மாறியவர் இவை யாவற்றிலிருந்தும் விலக்கப்படும் நிலை இருந்தது. எனவே மிஷன் அளிக்கக்கூடிய பயனைவிட, ஊர் பறிக்கக்கூடியது பெரிதாயிருந்தது. பொருட்பயன் கருதியே மக்கள் மதம் மாறினர் என்னும் பொதுக் கருத்துக்கு நீலகிரிப் படகர் வரலாறு ஒரு விதிவிலக்காகிறது. அதே வேளையில், மாறாதிருந்தோர் அனைவரும் சமயப் பற்றினாலேயே மாறாதிருந்தனர் என்று கொள்ளவும் இயலாது. இழப்பைப் பற்றிய அச்சமும் ஒரு நோக்கமே.

தோடரிடையே இங்கிலாந்துத் திருச்சபையின் செனானா மிஷனைச் சேர்ந்த கேத்தரின் லிங் அம்மையார் நெடுங்காலம் பணியாற்றினார். தோடருள் முதல் திருமுழுக்கு 1904 இல் நடைபெற்றது. தோடர் வாழ்க்கையில் எருமை, பால்மனை, சடங்கு ஆகியன பிரிக்க இயலாதவை. ஆகையால் கிறித்தவரான தோடர் மந்துகளிலிருந்து பிரிந்து தனிக் குடியிருப்புகளில் வாழலாயினர். காலப்போக்கில் பிற சமூகத்தாரோடு மணவுறவும் கொண்டனர்.

முதல் உலகப் போரின்போது பாசல் மிஷனின் செருமானியப் பணியாளர் வெளியேற்றப்பட்டனர். அதன் நீலகிரிச் சபைகள் பின்னர் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயத்தில் இணைந்தன. உதகமண்டலம் கத்தோலிக்க மறைமாவட்டம் 1955 இல் நிறுவப்பட்டது. தேயிலைத் தோட்டங்கள் பெருகியபோது சமவெளியிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளருள் கிறித்தவரும் இருந்தனர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காக 1968 இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. இதுவே பின்னர் டான்டீ நிறுவனமாயிற்று. ஊரும் உறவும் விட்டு வந்தவர்களுக்குச் சபை என்பது வழிபாட்டிடம் மட்டுமன்று. இறப்பு வீட்டிற்கு ஆள் வரும் இடமும், பிள்ளையின் படிப்புக்கு வழி கேட்கும் இடமும் அதுவேயாகும். இத்தகைய சூழலில் சமய நோக்கத்தையும் சமூகத் தேவையையும் பிரித்தறிவது எளிதன்று.

உதகமண்டலம் காந்தலில் உள்ள திருச்சிலுவைத் திருத்தலத்திற்குப் பிற சமயத்தவரும் நலம் வேண்டி வருகின்றனர். இவர்களுட் பெரும்பாலோர் கிறித்தவராவதில்லை. உதவி நாடுவதும் பின்பற்றுவதும் வெவ்வேறு என்பதற்கு இது அன்றாட எடுத்துக்காட்டாகும்.

1877-78 பஞ்சமும் கால்டுவெல்லும்

ராபர்ட் கால்டுவெல் 1841 இல் சென்னையிலிருந்து திருநெல்வேலி நோக்கிக் கால்நடையாகச் சென்றபோது நீலகிரி வழியே பயணம் செய்தார். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் உதகமண்டலத்திலேயே அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. பின்னர் இடையன்குடியில் தங்கிப் பணியாற்றிய அவர், 1877 இல் ஆயரானார். அவ்வேளையில் தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. நிவாரணப் பணி நடந்த காலத்தில், நற்செய்தி பரப்புச் சங்கத்தின் திருநெல்வேலிப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் கிறித்தவ போதனைக்குத் தம்மை ஒப்புவித்தனர்.

இவர்களின் நோக்கம் அக்காலத்திலேயே கேள்விக்குள்ளாயிற்று. கால்டுவெல் அளித்த விடை வெளிப்படையானது. வருவோரிடம் பலவகை நோக்கங்கள் கலந்திருப்பதை அவர் மறுக்கவில்லை. உயர்ந்த ஆன்மிக நோக்கம் கிறித்தவப் போதனையின் விளைவாகத் தோன்றுவது, அப்போதனையைப் பெறுமுன்னரே அதை எதிர்பார்ப்பது பொருந்தாது என்பது அவர் வாதம். ஆகவே வந்தவரை ஏற்றுப் போதிப்பதே திருச்சபையின் கடமை என்றார். பஞ்சம் நீங்கிய பின் சிலர் விலகினர், பலர் நிலைத்தனர்.

இதே பஞ்சத்தின்போது தெலுங்கு நாட்டில், ஓங்கோலைச் சேர்ந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப் எதிரான முடிவை மேற்கொண்டார். பக்கிங்காம் கால்வாய் வெட்டும் பணியில் ஒரு பகுதியை ஒப்பந்தமாக ஏற்றுப் பசித்தோருக்கு வேலையும் கூலியும் அளித்த அவர், நிவாரணம் நடந்த மாதங்களில் எவருக்கும் திருமுழுக்கு அளிக்க மறுத்தார். நிவாரணம் முடிந்த பின்னும் மக்கள் வேண்டி நின்றதால், 1878 சூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். நோக்கத்தை வாய்மொழியால் வினவாமல், பயன் நின்ற பிறகும் விருப்பம் நிற்கிறதா எனக் காத்திருந்து அறியும் முறை இது. எனினும், பஞ்சத்தில் கண்ட பரிவே அவ்விருப்பத்திற்குக் காரணமாயிருக்கலாம் என்பதையும், பரிவால் ஈர்க்கப்படுவது குற்றமா என்பதையும் இம்முறை தீர்க்கவில்லை.

பிக்கெட்டின் ஆய்வு

அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரியான வாஸ்கம் பிக்கெட், இந்தியாவில் நிகழ்ந்த பெருந்திரள் மதமாற்றங்களை ஆராய்ந்து 1933 இல் ஒரு நூலை வெளியிட்டார். அதற்காக ஏறத்தாழ 4,000 கிறித்தவரிடம் அவர்கள் கிறித்தவரானதன் காரணம் வினவப்பட்டது. விடைகள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டன:

ஆன்மிக நோக்கங்கள்: 34.8 விழுக்காடு
உலகியல் நோக்கங்கள்: 8.1 விழுக்காடு
சமூக நோக்கங்கள்: 22.4 விழுக்காடு
பிறப்பால் கிறித்தவர்: 34.7 விழுக்காடு

இவ்வாய்வின் முக்கிய முடிவு, தொடக்க நோக்கத்தைக் காட்டிலும் திருமுழுக்குக்குப் பின் பெறும் போதனையும் பராமரிப்பும் ஒருவரின் கிறித்தவ வாழ்வை மிகுதியாக உருவாக்குகின்றன என்பதாகும். விடைகள் அனைத்தும் நினைவிலிருந்து கூறப்பட்டவை, வினவியவர்களும் கிறித்தவர்களே என்பதால், அவற்றை அப்படியே உள்ளத்தின் அளவீடாகக் கொள்ள இயலாது. மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோருக்குப் பிறப்பே காரணமாயிருந்தது என்பது தனியே கருதத்தக்கது. புதிதாக வருபவரிடம் கேட்கப்படும் கேள்வி, வழிவழிக் கிறித்தவரிடம் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

விமர்சனங்களும் சட்டமும்

கல்வி, மருத்துவம், உணவு ஆகிய உதவிகளை மதமாற்றத்தோடு இணைப்பதை மகாத்மா காந்தி 1930களில் தொடர்ந்து எதிர்த்தார். திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்தவரும், இந்தியரான முதல் ஆங்கிலிக்கன் ஆயருமான வே. ச. அசரியா, ஒடுக்கப்பட்ட மக்கள் தாமே சிந்தித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் தகுதியும் உடையவர் என்று வாதிட்டார். மானமும் சமத்துவமும் நாடுவது உலகியல் நோக்கமா, ஆன்மிக நோக்கமா என்பது இவ்விவாதத்தின் உட்கிடையாகும்.

1950 ஆம் ஆண்டின் அரசாணைப்படி கிறித்தவரான தலித்துகள் பட்டியல் சாதியினருக்குரிய சலுகைகளைப் பெற இயலாது. எனவே அவர்களைப் பொறுத்தவரை மதமாற்றம் பொருள்வகையில் இழப்பாகவும் அமைகிறது. பழங்குடியினர் பட்டியலுக்கு இவ்வகை மத வரையறை இல்லை. ஆதலால் நீலகிரித் தோடர் போன்றோரின் நிலை வேறானது.

சமயத்தைப் பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையை உள்ளடக்காது என 1977 இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் வலுக்கட்டாயம், ஆசைகாட்டல், ஏமாற்றுதல் ஆகியவற்றால் மதம் மாற்றுவதைத் தடைசெய்யும் அவசரச் சட்டம் 2002 அக்டோபரில் பிறப்பிக்கப்பட்டுப் பின் சட்டமாயிற்று. அது 2004 இல் அவசரச் சட்டம் ஒன்றின் மூலம் விலக்கிக்கொள்ளப்பட்டது. இத்தகைய சட்டங்கள் மாற்றுபவரின் செயலைத் தண்டிப்பனவாயினும், நடைமுறையில் மாறுபவரின் நோக்கத்தையே ஆராய நேர்கிறது என்பது அவற்றின் மீதான குறைகூறலாகும்.

தன்னாய்வும் பிறராய்வும்

மேற்கண்ட வரலாற்றில், பிறருடைய நோக்கத்தை ஆராய்ந்தோர் பெரும்பாலும் உணவும் நிலமும் பதவியும் உடையவர்களாகவும், ஆராயப்பட்டோர் அவை இல்லாதவர்களாகவும் இருந்தனர். பணியாளரின் நோக்கமும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. திருநெல்வேலியில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல், 1903 இல் வெளியான தம் நூலில், மிஷன் வெற்றிகளை மிகைப்படுத்திக் கூறும் வழக்கத்திற்கு மாறாகத் தோல்விகளையும் உள்ளவாறே பதிவுசெய்தார். எண்ணிக்கையும் புகழும் பணியாளரையும் ஈர்க்கக்கூடியவை என்பது இதன்வழி உணரப்பட்டது.

தன்னாய்வுக்கெனக் கிறித்தவ ஆன்மிக நூல்கள் கூறும் கேள்விகளை மூன்றாகத் தொகுக்கலாம். வேண்டியது கிடைக்காதபோதும் பற்று தொடர்கிறதா? எவரும் காணாத இடத்திலும் அதே ஒழுக்கம் உள்ளதா? பின்பற்றுவதால் இழந்தது ஏதேனும் உண்டா? இவற்றுள் எதற்கும் முழுமையான விடை ஒருவரால் தம்மைப் பற்றியே கூற இயலாது என்பதும், மனித உள்ளம் தன்னையே ஏமாற்ற வல்லது என்பதும் எரேமியா நூல் முதலாக வலியுறுத்தப்படும் கருத்தாகும். ஆகையால் தூய நோக்கம் வாய்க்கும்வரை காத்திருப்பதை அன்று, கலப்புடைய நோக்கத்தை அறிந்து ஒப்புக்கொண்டு தொடர்வதையே இம்மரபுகள் பெரும்பாலும் பரிந்துரைக்கின்றன.

இவற்றையும் பார்க்க

நீலகிரி மாவட்டம்
படகர்
தோடர்
பாசல் மிஷன்
ராபர்ட் கால்டுவெல்
வட்டுக்கோட்டைக் குருமடம்